உஷார்! ரெஜிபோம் கோட்டை பற்றி எரியும்

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த நேரத்தில் கத்தியை மெழுகுதிரியில் காய்ச்சிக் காய்ச்சி ரெஜிபோம் வெட்டிக்கொண்டிருந்தால், வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய் அந்த மெழுகுதிரியை அணைத்துவிட்டு வாருங்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

பூண்டுலோயாப் பக்கம் பிள்ளைகள் கோட்டை கட்டுவது புதிதல்ல. பாடசாலைக் கண்காட்சி என்றால் சிகிரியா அல்லது காலிக் கோட்டை, டிசம்பர் வந்தால் கிறிஸ்மஸ் குடில். இப்போது போன் வழியாக மேசைப் போர் விளையாட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. 28 மில்லிமீற்றர் உயரமுள்ள போர்வீரர்களை மேசையில் அணிவகுக்க வைத்து, அடிமட்டத்தால் தூரம் அளந்து, தாயக்கட்டை உருட்டிச் சண்டை பிடிக்கும் விளையாட்டு இது. எச். ஜி. வெல்ஸ் 1913இலேயே ‘லிட்டில் வார்ஸ்’ என்று இதற்கு விதிப்புத்தகம் எழுதிவிட்டார். சண்டை என்றால் மதில் வேண்டும், கொத்தளம் வேண்டும், அகழி வேண்டும். நிஜத்தில் 10 மீற்றர் உயரமான மதில் அந்த வீரனின் அளவுக்குச் சுருங்கி மேசையில் ஏறக்குறைய 18 சென்ரிமீற்றர் நிற்கும். அவ்வளவு பருமனுக்குக் காசில்லாமல் கிடைப்பது டீவிப் பெட்டிக்குள் வரும் ரெஜிபோம்தான்.

இந்த ஊருக்குக் கோட்டை ஆசை வருவதில் ஆச்சரியமும் இல்லை. நம் டன்சினன் தோட்டத்தின் பெயரே ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில் அரசன் கடைசியாக அடைபட்டுக் கிடக்கும் கோட்டையின் பெயர். ஸ்கொட்லாந்தின் பேர்த்ஷயரில் அதே பெயரில் ஒரு மலையும், அதன் உச்சியில் பழங்கால அரணின் மேடும் இன்றும் உண்டு. பிள்ளைகள் கட்டட்டும், விளையாடட்டும். அது அருமையான கைவேலை. சரித்திரம் படிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. என் பயமெல்லாம் ரெஜிபோமுக்குப் பக்கத்தில் வரும் சூட்டைப் பற்றித்தான்.

ரெஜிபோமில் 98 வீதம் காற்று. மிச்சம் பொலிஸ்டைரீன், அதாவது பெற்றோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக். சுமார் 100 பாகை செல்சியஸிலேயே அது இளகத் தொடங்கிவிடும். அதனால்தான் சூடான கம்பியால் வெட்டினால் துண்டு வழவழவென்று வருகிறது, பொடி சிந்துவதில்லை. பிள்ளைகளை மயக்குவது அதுதான். வெளிநாட்டில் இதற்கென்றே குறைந்த மின்னழுத்தத்தில், பட்டரியில் ஓடும் கம்பி வெட்டி விற்கிறார்கள். நம் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கப் போகிறது? மெழுகுதிரியும் சமையல் கத்தியும் இருக்கின்றன. கத்தி நுனி சிவக்கும் வரை காய்ச்சுவான். இரும்பு சிவந்து தெரிகிறது என்றால் அதன் சூடு 500 பாகையைத் தாண்டிவிட்டது என்று பொருள். ரெஜிபோமிலிருந்து கிளம்பும் ஆவி ஏறக்குறைய 350 பாகையிலேயே தீப்பிடிக்கக் கூடியது. கத்தி உள்ளே இறங்கும்போது ‘உஸ்’ என்று ஒரு சத்தம், கறுப்பாக ஒரு நூல் புகை. அதற்கு அடுத்த கட்டம் சுவாலை.

சுவாலை பிடித்த ரெஜிபோம் விறகு போல நின்று எரியாது. உருகி, எரிந்தபடியே சொட்டுச் சொட்டாக விழும். கீழே இருப்பது பாய், போர்வை, பாடப் புத்தகம். கட்டட வேலைக்கான சில வகைகளில் தீயைத் தாமதிக்கும் மருந்து கலப்பார்கள். பொருட்களைப் பொதிந்து வரும் ரெஜிபோமில் பெரும்பாலும் அதுவும் கிடையாது.

1996 ஏப்ரல் 11 அன்று ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் வெல்டிங் வேலை நடந்தது. பொறி பறந்து போய்க் கூரை இடுக்கில் இருந்த பொலிஸ்டைரீன் பலகையில் விழுந்தது. 17 பேர் செத்தார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது தீயல்ல, புகை. அது தீயணைப்புப் படையைத் தன் வளவுக்குள்ளேயே வைத்திருந்த ஒரு விமான நிலையம்.

இனி நம் லயத்துக்கு வாருங்கள். 10க்கு 12 அடிக் காம்பரா. வரிசை முழுவதற்கும் ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரை வழியாக அடுத்ததற்குத் தாவ அதிக நேரம் எடுக்காது. லயன் தொகுதி எரிந்து ஒரே இரவில் பல குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியே நின்ற செய்தியை மலையகத்தில் வாசிக்காத ஆள் உண்டா? 2018 செப்டெம்பரில் இந்திய உதவியுடன் டன்சினனில் 404 தனி வீடுகள் கையளிக்கப்பட்டன, மகாத்மா காந்திபுரம் என்று பெயர். நல்லது. ஆனால் லயத்திலேயே இருக்கும் சனம் இன்னும் எவ்வளவோ. தீயணைப்பு வண்டி வளைவு வளைவாக இந்த மலைப் பாதையில் ஏறி வந்து சேர்வதற்குள் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

போதாக்குறைக்கு நம் குளிர். ஜூன், ஜூலை மழையில் யார் கதவைத் திறந்து வைப்பது? அம்மா கொழுந்தெடுக்கப் போயிருப்பார், அப்பா வேலைக்குப் போயிருப்பார். பாடசாலை விட்டு வந்த பையன் கதவைச் சாத்திக்கொண்டு மதில் வெட்டுகிறான். மாலையில் வந்த அம்மா, “என்னடா இது, வீடெல்லாம் ஒரு நாத்தம்?” என்கிறார். “ஒன்னுமில்லம்மா, ரெஜிபோம்தான்.” அந்த ஒன்றுமில்லாத நாற்றத்தில் ஸ்டைரீன் இருக்கிறது. கண் எரியும், தலை இடிக்கும், தலை சுற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் மிகுந்த பொருட்களின் வகுப்பில் சேர்த்தது. ஒருநாள் முகர்ந்தால் புற்றுநோய் வந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. அடைத்த காம்பராவில், கூடவே ஒரு கைக்குழந்தையும் படுத்திருக்கும்போது, அது வேண்டாம் என்கிறேன்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பழைய அயன் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கம்பியை இழுத்து, இரண்டு முனையையும் நேரே பிளக்கில் செருகிக் ‘கட்டர்’ செய்ய நினைக்கும் புத்திசாலிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது 230 வோல்ட். வெட்டும் கம்பிக்கு மேலுறை கிடையாது, விரல் பட்டால் கரண்ட் நேரே உடம்புக்குள். வயர் பழசாகிப்போன, ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்யாத லயத்தில் இதைச் செய்வது உயிரோடு விளையாடுவது. காணொளியில் காட்டுகிறவர் நடுவில் ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் வைத்திருப்பார். அது கமராவுக்கு வெளியே இருக்கும்!

வெட்டி முடித்தால் வர்ணம். ஸ்ப்ரே பெயின்ற், தின்னர் இரண்டுமே ரெஜிபோமைக் கரைத்துவிடும், பாடுபட்டுச் செதுக்கிய கொத்தளம் கண் முன்னே குழிந்துபோகும். அது போகட்டும். ஸ்ப்ரே டின்னிலிருந்து வரும் வாயு பெரும்பாலும் பியூட்டேன் வகை, காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். நம் விறகடுப்பு எங்கே இருக்கிறது? பல வீட்டில் தரையில்தான்.

சூடு தெரியாமல் சூடு வைத்திருக்கும் சாமான்களும் உண்டு. சுப்பர் குளூ பஞ்சிலோ பருத்தித் துணியிலோ கொட்டினால் உடனே கொதித்துப் புகை கிளம்பும், விரல் வெந்துவிடும். சிந்தியதைத் துடைக்கப் பழைய பனியன் துணியை எடுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், ஆகவே கவனம். பிளாஸ்டர் ஒஃப் பரிஸ் இன்னும் மோசம். தண்ணீரில் கரைக்கும்போது குளிர்ந்த மா மாதிரித்தான் இருக்கும், இறுகும்போது 60 பாகை வரை கொதிக்கும். 2007இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு 16 வயது மாணவி கை அச்சு எடுப்பதற்காகச் சித்திரப் பாட நேரத்தில் இரு கைகளையும் பிளாஸ்டர் வாளிக்குள் விட்டாள். இறுகியது, இழுக்க முடியவில்லை, உள்ளே வெந்தது. அவள் விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். அந்தப் பாடசாலைக்கு நீதிமன்றம் பின்னர் 16,500 பவுண் அபராதம் விதித்தது. பிளாஸ்டரைக் கையால் கலக்கவே கூடாது, அதற்குக் குச்சி போதும்.

ஈயம் பற்றி ஒரு வரி. அந்தக் காலத்துப் பொம்மைச் சிப்பாய்கள் ஈயத்தில் வார்த்தவை. 327 பாகையில் ஈயம் உருகிவிடும், விறகடுப்புக்கு அது சுலபம். பழைய பட்டரியை உடைத்து ஈயம் எடுத்து, சோறு வேகும் அதே அடுப்பில் வீரன் வார்க்க யாராவது கிளம்பினால், காதைப் பிடித்துத் திருகி உட்கார வையுங்கள். ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும், கெட்டது திரும்பாது.

மீதித் துண்டுகளை அடுப்பில் போட்டு எரிக்கும் பழக்கமும் இருக்கிறது. 2017 செப்டெம்பரில் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குத் தடை வந்தபோது பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதற்கும் தடை வந்தது. பலருக்கு முதல் பாதிதான் ஞாபகம். டீவிப் பெட்டி ரெஜிபோம் அந்தத் தடையில் அகப்படாததால் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறது. பொடியைக் கானில் கொட்டினாலோ அது பூண்டுலு ஓயாவோடு கொத்மலைக்குப் போய்ச் சேரும்.

தப்பித் தவறிச் சுட்டுக்கொண்டால், ஓடும் பீலித் தண்ணீரில் 20 நிமிடம் காயத்தைப் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், முட்டை எதுவும் பூசாதீர்கள். உருகிய ரெஜிபோம் தோலில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், தோலும் சேர்ந்து வரும். அப்படியே குளிர வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அம்புலன்சுக்கு 1990, காசு இல்லை. கரண்ட் பிடித்தவனைத் தொடுவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

அப்படியானால் கோட்டை? ரெஜிபோமேதான் வேண்டுமென்றால் புதுத் தகடு போட்ட கட்டரால், சூடில்லாமல், இஸ்தோப்பில் உட்கார்ந்து, மெல்ல மெல்லப் பல தடவை கீறி வெட்டலாம். பொடி சிந்தும், கூட்டி அள்ளிவிடலாம். கல் வரிசையைத் தீர்ந்துபோன போல்பொயின்ற் பேனையால் அழுத்திக் கீறுங்கள். அலுமினியத் தாளைக் கசக்கிப் பந்தாக்கி அதன் மேல் அழுத்தினால் கருங்கல் சொரசொரப்பு வந்துவிடும். ஒட்டப் பைண்டர் கம், பூசத் தண்ணீர் வர்ணம்.

என்னைக் கேட்டால் ரெஜிபோமையே விட்டுவிடச் சொல்வேன். கடையில் வீசும் கார்ட்போர்ட் பெட்டியை வெட்டி மதில் எழுப்பி, முட்டை ட்ரேயைச் சின்னச் சின்னச் சதுரமாகப் பிய்த்துக் கோதுமை மாப் பசையால் வரிசை வரிசையாக ஒட்டினால், அசல் கற்சுவர் தோற்றுப்போகும். கார்ட்போர்ட்டின் மேல் தாளை உரித்தால் உள்ளே நெளிநெளியாக இருக்கும், அது தகரக் கூரை. கோட்டையைச் சுற்றிய மண்ணுக்கு வெளிநாட்டுக்காரர்கள் பயன்படுத்துவது என்ன தெரியுமா? குடித்து முடித்த தேயிலைச் சக்கை. அது நம் வீட்டில் தினமும் குப்பைக்குப் போகிறது. வெயில் பட்ட ஒரு நாளில் பத்திரிகைத் தாளில் பரப்பி நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் ஒரு வாரத்துக்குள் அகழி ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிடும்.