பழைய ரிவால்வர்கள் சொல்லும் வரலாறு

பழம்பொருள் சேர்ப்போர் பலதிறத்தினர். நாணயம் சேர்ப்பாரும், தபால் தலை சேர்ப்பாரும், ஓலைச்சுவடி தேடுவாரும் நம்மிடையே உளர். மேலைநாடுகளில் பழைய ரிவால்வர்களைத் தேடிச் சேர்த்து, அவை பிறந்த தொழிற்சாலைகளின் தொடக்க ஆண்டுகளை ஆராய்வதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டோர் பலர் இருக்கின்றனர். உயிரைப் பறிக்கும் கருவியைப் போற்றிச் சேர்ப்பதால் விளையும் நன்மை என்ன என்னும் வினா நம் உள்ளத்தில் எழுவது இயல்பே. அதற்கு விடை காண, ஸாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்கரின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அவ்வரலாறு கல்கத்தாத் துறைமுகத்தையும் தொட்டுச் செல்கிறது.

1814-ஆம் ஆண்டில் பிறந்த கோல்ட், பதினாறு வயதில், 1830-ஆம் ஆண்டில், பாஸ்டன் நகரிலிருந்து ‘கோர்வோ’ என்னும் பாய்க்கப்பலில் கல்கத்தாவுக்குப் பயணமானார். அப்பயணத்தின்போது, சுழலும் துப்பாக்கி ஒன்றின் மாதிரியை அவர் மரத்தில் செதுக்கினார் என்பர். அவர் செதுக்கிய மர மாதிரி அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டு நகரிலுள்ள வாட்ஸ்வொர்த் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வருகிறது.

அவர் கருத்தில் உருவான அமைப்பு இதுதான்: வெடிமருந்தும் குண்டும் நிரப்பிய அறைகள் பல, ஓர் உருளையில் வட்டமாக அமைந்திருக்கும். கட்டை விரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால், அதனோடு இணைந்த சிறு நெம்புகோல் உருளையின் பற்களைத் தள்ளும். அடுத்த அறை குழலுக்கு நேரே வரும். ஒரு பூட்டு அதனை அசையாமல் பிடித்துக்கொள்ளும். சுத்தியலை இழுக்கும் செயலே உருளையையும் சுழற்றிவிடுவதுதான் இதன் சிறப்பு.

கப்பலில் சக்கரம் சுழல்வதைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியது என்பது பலகாலமாக வழங்கிவரும் கதை. ஆனால் எலீஷா காலியர் என்பவர் சுழல் துப்பாக்கி ஒன்றுக்கு 1818-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றிருந்தார். அத்தகைய துப்பாக்கியைக் கோல்ட் இந்தியாவில் கண்டிருக்கலாம் என்று கருதுவோரும் உளர். கோல்ட்டோ, 1851-ஆம் ஆண்டில் லண்டனில் பொறியியலாளர் கழகத்தில் உரையாற்றியபோது, பழைய சுழல் துப்பாக்கிகளைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, தாம் தம் கருவியை அமைத்த காலத்தில் அவற்றை அறிந்திருக்கவில்லை என்றார். மர மாதிரி அவர் செய்ததைக் காட்டுமேயன்றி, அவர் கண்டதைக் காட்டாது. ஆகவே, ஆக்கியோன் கூற்றைக் கேட்டு நடப்பதா, பொருளை நோக்கி நடப்பதா என்னும் சிக்கல் முதற்படியிலேயே ஆராய்ச்சியாளரை எதிர்கொள்கிறது.

1836-ஆம் ஆண்டில் கோல்ட் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, நியூஜெர்ஸியிலுள்ள பாட்டர்ஸன் நகரில் தொழில் தொடங்கினார். போதிய விற்பனை இல்லாமையால் 1842-இல் அத்தொழில் நின்றது. ஆயினும் டெக்ஸாஸ் கடற்படை வாங்கியிருந்த பாட்டர்ஸன் ரிவால்வர்கள் பின்னர் அந்நாட்டு எல்லைக்காவற் படையினரின் கைக்கு வந்தன. அவர்களுள் ஒருவரான ஸாமுவேல் வாக்கர் அதன் குறை நிறைகளைக் கோல்ட்டுக்கு எடுத்துரைத்தார். மெக்ஸிகோப் போரின் தேவையால் 1847-இல் ஆயிரம் ரிவால்வர்களுக்கு அரசாங்க உத்தரவு கிடைத்தது. தொழிற்சாலை இல்லாதிருந்த கோல்ட், கனெக்டிகட்டில் எலி விட்னியின் மகனுடைய ஆலையில் அவற்றைச் செய்வித்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாலரை ராத்தல் எடையுள்ளது. வாக்கரோ அவ்வாண்டு அக்டோபரிலேயே மெக்ஸிகோவில் போர்முனையில் மாண்டார்.

இந்த வாக்கர் ரிவால்வர்கள் 1,100 மட்டுமே செய்யப்பட்டன. படைக்கு உரிய ஆயிரமும் ஏ முதல் ஈ வரை ஐந்து குழுக்களின் பெயரால் எண்ணிடப்பட்டன. எஞ்சிய நூறும் பிறருக்காகச் செய்யப்பட்டு, 1001 முதல் தனியாக எண்ணிடப்பட்டன. ஒவ்வொரு குழுவிலும் எண் மீண்டும் ஒன்றிலிருந்தே தொடங்கியதால், ஒரே எண் வெவ்வேறு குழுக்களின் துப்பாக்கிகளில் வருவது பிழையன்று. இவை அரியனவாகவும் பெருவிலை பெறுவனவாகவும் இருத்தலின், போலிகளும் மிகுந்தன. எண்ணிடும் முறையை அறிந்தவரே போலியை விலக்க வல்லவர்.

1850-இல் தொடங்கிச் செய்யப்பட்டு, இன்று ‘1851 நேவி’ எனப்படும் ரிவால்வர் மற்றோர் எடுத்துக்காட்டு. ஆண்டைச் சேர்த்து வழங்கும் இப்பெயர் பிற்காலத்துச் சேகரிப்போர் இட்டதாகும். இதன் உருளையில் ஒரு கடற்போர்க் காட்சியும், ‘1843, மே 16’ என்னும் நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. புதிதாகச் சேர்க்கத் தொடங்குவோர் இதனைத் துப்பாக்கி பிறந்த ஆண்டென்று மயங்குவதுண்டு; அது டெக்ஸாஸ் கடற்படை மெக்ஸிகோவோடு பொருத நாள். விசைக்காப்பின் பின்புறம் சதுரமாக இருந்தால் அத்துப்பாக்கி முதல் நாலாயிரத்துச் சொச்சத்துள் ஒன்று. பின் வந்தவற்றில் அது வளைவாக மாறிற்று. 1853 முதல் 1856 வரை லண்டன் தொழிற்சாலையில் செய்யப்பட்டவற்றில் குழலின் மேல் லண்டன் முகவரியும், ஆங்கிலேயரின் சோதனை முத்திரைகளும் காணப்படும்.

இத்துணை நுணுக்கமும் விலை கூட்டுவதற்கு மட்டுமோ எனின், அன்று. ஒரு துப்பாக்கியின் உறுப்பை எடுத்து மற்றொன்றில் அப்படியே பொருத்தலாம் என்பது கோல்ட் தொழிற்சாலைக்கு உலகப் புகழ் தந்த செய்தி. இயந்திரத் தொழில் வரலாற்று நூல்கள் பலவும் இதனை வழிமொழிந்தன. ஆனால் பழைய கோல்ட் ரிவால்வரைப் பிரித்துப் பார்த்தால், குழலிலும், உடற்சட்டத்திலும், உருளையிலும், விசைக்காப்பிலும், குழலையும் உடலையும் இணைக்கும் சிறு ஆப்பிலும் கூட ஒரே எண் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். எவ்வுறுப்பும் எதிலும் பொருந்துமாயின், ஒவ்வோர் உறுப்புக்கும் எண் எதற்கு? உறுப்புகளை அரத்தால் தேய்த்து ஒன்றோடொன்று பொருத்தி, பின்பு பிரித்து, இறுகப் பதப்படுத்தி மெருகிட்டு, மீண்டும் அவ்வவற்றின் துணையோடு சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கே அவ்வெண்கள். 1854-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் சாட்சியம் அளித்த, லண்டன் தொழிற்சாலையின் முன்னாள் மேற்பார்வையாளர் ஒருவரும், உறுப்புகள் தேய்த்துப் பொருத்தாமல் சேர்வதில்லை என்றே கூறினார். விளம்பரம் மறைத்த தொழிலாளியின் கைத்திறனை அச்சிறு எண்கள் வெளிப்படுத்திவிட்டன.

1862-இல் கோல்ட் மறைந்தார். 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபர்டு தொழிற்சாலையில் மூண்ட தீயில் ஏடுகள் பல அழிந்தன. ஏடு எரிந்த இடத்தில் எஞ்சிய சான்று அத்துப்பாக்கிகளேயாம். ஆகவே நேர்மையுள்ள சேகரிப்பாளர், கிடைத்த எண்களையும் மாறுதல்களையும் வரிசைப்படுத்தி, எஞ்சிய கடிதங்களோடும் அரசாங்கப் பதிவுகளோடும் ஒப்பிட்டு, உற்பத்தியின் முறையை மீண்டும் கட்டி எழுப்புகிறார். துருவை நீக்குவதாக எண்ணி மெருகேற்றுபவரோ தேய்ந்த எண்ணையும் முத்திரையையும் சேர்த்தே அழித்து விடுகிறார். அழிந்த எண்ணை மீண்டும் வெட்டி வைப்பவர், வரலாற்றில் பொய்ச்சாட்சி புகுத்துபவராவார்.

நம் நாட்டில் இவ்வகைப் பொருள் கைக்கு வந்தால், சட்டத்தை முதலில் நினைத்தல் வேண்டும். பழைமை ஒன்றே விலக்களிக்காது. வழக்கொழிந்ததாகவோ பழம்பொருள் மதிப்புடையதாகவோ சீர்கெட்டதாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த இயலாத நிலையிலுள்ளவற்றுக்கே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் விலக்களிக்கிறது. ஐயமுண்டாயின் உரிய அதிகாரியிடம் அறிவித்தலே முறை. சேர்க்கும் விருப்பின்றி அறியும் விருப்பு மட்டும் உடையவர்க்கு அருங்காட்சியகங்கள் உண்டு. ஐதராபாத்தில் வாழும் நம்மவர் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் படைக்கலங்களைக் காணலாம்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். ஆராய்ச்சியாளர் போற்றுவது கொல்லும் ஆற்றலை அன்று. தொழிற்காலம் ஒன்று எவ்வாறு தோன்றியது என்பதற்கு இரும்பில் எழுதப்பட்ட சான்றையே அவர் போற்றுகிறார். அச்சான்று தன்னை ஆக்கியோனுடைய சொல்லையும் திருத்த வல்லதாக இருக்கிறது.