டேப்லெட் வாங்கும் முன் பிள்ளையை அழைத்து வாருங்கள்

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளை எட்டு வயதில், பத்து வயதில் அழைத்து வந்து, "பேச்சு மட்டும் வரலை டாக்டர்" என்கிறார்கள். இப்போதெல்லாம் கூடவே ஒரு டேப்லெட்டும் வருகிறது. படத்தைத் தொட்டால் அது பேசும். பிள்ளையின் கையோ நினைத்த படத்தில் போய் நிற்காது. நாலு நாள் பார்த்துவிட்டு, "இவனுக்குப் புரியலை" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு நன்றாகவே புரிகிறது. அவர்கள் உடம்புக்கு ஏற்ற மாதிரி கருவியை யாரும் அமைத்துத் தரவில்லை.

கருவி கொடுத்தால் பேச்சு நின்றுவிடுமா?

நான் அதிகம் கேட்கும் பயம் இதுதான். 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், பேச்சுக்கு மாற்று வழிகளைப் பயன்படுத்திய 27 பேரின் பேச்சை நுணுகிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது. காத்திருப்பதுதான் கெடுதல்.

"மாமாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் போகின்றன. அதற்குள் நாக்கில் வசம்பு, தேன், ஏதேதோ பொடி. தயவுசெய்து நிறுத்துங்கள். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு விழுங்குவதே சிரமம். தடவியது மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். ஒரு வயதுக்குள் தேன் எந்தக் குழந்தைக்குமே ஆகாது.

விலை கூடினால் பலன் கூடும் என்பதும் பொய். கண் அசைவைப் படிக்கும் கருவி வெயில் படும் திண்ணையில் தடுமாறும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தட்டின் மூலைகளில் படங்களை ஒட்டி, எதிரே அம்மா உட்கார்ந்து பிள்ளையின் பார்வை போகும் இடத்தைக் கவனித்தால், அன்றைக்கே உரையாடல் தொடங்கலாம்.

ஒருவரே முடிவு செய்யக் கூடாது

முதலில் உட்காரும் விதம். அது பிசியோதெரபிஸ்ட்டின் வேலை. சில பிள்ளைகள் தலையைத் திருப்பினால் அந்தப் பக்கக் கை விறைத்து நீண்டுவிடும். திரையைத் தவறான பக்கத்தில் வைத்தால் கை எப்படி உதவும்? விரலா, முழங்காலா, கன்னமா, எந்த அசைவு நம்பத்தக்கது என்பதை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கண்டுபிடிப்பார். என்னென்ன சொற்கள் என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர் வகுப்பார். கண், காது பரிசோதனை கட்டாயம். வீட்டில் எந்நேரம் சோர்வு, எதற்குச் சிரிப்பு என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். டீச்சரையும் சேருங்கள். எல்லாருக்கும் முன்னால் பிள்ளையைக் கேளுங்கள். அவனுக்குப் பிடிக்காத கருவி மூலையில்தான் கிடக்கும்.

ஒருமுறை தேர்ந்தெடுத்ததோடும் முடியாது. விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் முதலில் கையால் ஸ்விட்சை அழுத்தினார். கை தளர்ந்த பிறகு கன்னத் தசையால் கணினியை இயக்கினார். உடம்பு மாறும்போது வழியும் மாற வேண்டும்.

எங்கே போவது?

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சென்னையில் வித்யாசாகர் அமைப்பு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரியுங்கள். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசும். மாற்றுக் கருவி வழியாகப் பேசுவதையும் தகவல்தொடர்பு என்றே 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கிறது.

பெற்றோரைக் கெஞ்சிக் கேட்கிறேன். இணையத்தில் பார்த்ததை ஆர்டர் செய்யாதீர்கள். இரவல் வாங்கிச் சில வாரங்கள் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வயதிலேயே வாருங்கள். பத்து வயதாகிவிட்டதென்றால் இந்த வாரமே வாருங்கள்.