ஒரே நேரத்தில் 40 பேருக்குத்தான் அனுமதி! முதலை, எலி, அருவி... ஒரு தீவின் நான்கு நாள் நடைப்பயணம்

சுற்றுலாத் தலம் என்றாலே கூட்டம்தான் நினைவுக்கு வரும். அருவியில் குளிக்க வரிசை, செல்ஃபி எடுக்க வரிசை, டீ குடிக்கவும் வரிசை! ஆனால், ஆஸ்திரேலியாவில் ஒரு தீவு இருக்கிறது. சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்பு. அங்குள்ள நடைபாதையில் ஒரே நேரத்தில் 40 பேருக்கு மேல் இருக்க முடியாது. 41-வது நபர் எவ்வளவு பணம் கொடுத்தாலும், யார் சிபாரிசோடு வந்தாலும் இடமில்லை!

அந்தத் தீவின் பெயர் ஹிஞ்சின்புரூக். குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடகிழக்குக் கடலோரத்தில், கிரேட் பேரியர் ரீஃப் உலகப் பாரம்பரியப் பகுதிக்குள் இருக்கிறது. கரையிலிருந்து பார்த்தால் தீவு என்றே தோன்றாது. மேகம் மூடிய மலைகள் நேராகக் கடலிலிருந்து எழுந்து நிற்கும். உயரமான பவன் சிகரம் 1,121 மீட்டர். 1770-ல் இந்த வழியாகக் கப்பலில் போன கேப்டன் குக்கூட, இதைப் பெருநிலத்தின் ஒரு மலை என்றே நினைத்துப் பெயர் வைத்துவிட்டுப் போனார்.

அவருக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே இங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். பாண்ட்ஜின் எனும் பழங்குடியினரின் மண் இது. கடலோரத்தில் கற்களை அடுக்கி, ஏற்றத்தில் உள்ளே வரும் மீன்கள் வற்றத்தில் மாட்டிக்கொள்ளும்படி அவர்கள் கட்டிய மீன்பொறிகள் இன்றும் இருக்கின்றன. ஐரோப்பியர்கள் குடியேறிய பிறகு, அந்த மக்களின் வாழ்க்கை குலைந்துபோனது. 1932-ல் தீவு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

32 கிலோமீட்டர்... நான்கு நாள்கள்!

தீவின் கிழக்குக் கரையை ஒட்டிப் போகிறது 'தார்ஸ்போர்ன் டிரெயில்' என்ற நடைபாதை. மொத்தம் 32 கிலோமீட்டர். 'இவ்வளவுதானா? எங்க தாத்தா ஒரே நாளில் நடப்பாரே!' என்று தோன்றலாம். ஆனால், இது தார் ரோடு அல்ல. பாறை, மணல், சேறு, வேர்கள், ஆறுகள் என்று மாறிக்கொண்டே இருக்கும் பாதை. அதுவும் முதுகில் கூடாரம், அடுப்பு, அரிசி, மருந்து என நான்கு நாள் குடித்தனத்தையே சுமந்துகொண்டு!

கார்ட்வெல் என்ற சிற்றூரிலிருந்து படகு கிளம்பும். அலையாத்திக் காடுகளுக்கு நடுவே ஊர்ந்துபோய் ராம்சே பே அருகே இறக்கிவிடும். பலர் முதல் நாள் 6.5 கிலோமீட்டர் நடந்து லிட்டில் ராம்சே பே என்ற இடத்தில் கூடாரம் அடிப்பார்கள். இரண்டாம் நாள்தான் உண்மையான சோதனை. ஜோயி பே வரை 10.5 கிலோமீட்டர். பாறைகள் நிறைந்த ஓடைகள் வழியே ஏறி இறங்க வேண்டும். இந்தத் தூரத்துக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும்.

அந்தக் களைப்புக்குப் பரிசு, ஜோயி அருவி. அடியில் கண்ணாடிபோலத் தெளிந்த நீர்த் தேக்கம். இறங்கினால் மீன்கள் அருகில் வந்து நலம் விசாரிக்கும். மூன்றாம் நாள் அருவியின் மேலேறி, சுமார் 260 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி, 7.5 கிலோமீட்டர் நடந்தால் முல்லிகன் அருவி. கடைசி நாள் இன்னொரு 7.5 கிலோமீட்டர். பெரும்பகுதி கடற்கரை மணல். ஜார்ஜ் பாயின்ட் முனையில் படகு காத்திருக்கும். எதிரே லூசிண்டா துறைமுகத்தின் சர்க்கரை ஏற்றும் பாலம், கடலுக்குள் ஐந்தரை கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடப்பது தெரியும்.

கடை இல்லை... குப்பைத்தொட்டியும் இல்லை!

இந்த நான்கு நாள்களில் கடை கிடையாது, விடுதி கிடையாது. போன் சிக்னலும் பல இடங்களில் கிடைக்காது. விறகு மூட்டவும் தடை. சிறிய கேஸ் அடுப்பில்தான் சமையல். பிஸ்கட் கவர் முதல் டீத்தூள் பை வரை, கொண்டுபோன எல்லாவற்றையும் திரும்பச் சுமந்து வர வேண்டும். ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்தோ, சுத்திகரித்தோதான் குடிக்க வேண்டும்.

எல்லோரும் முதலைக்குப் பயப்படுவார்கள். பயப்படவும் வேண்டும். கழிமுகங்களில் உப்புநீர் முதலைகள் உண்டு. அதனால் கரை ஓரமாக நிற்பது, அங்கே பாத்திரம் கழுவுவது கூடாது. கடலை ஒட்டிய ஓடைகளை நீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் கடக்க வேண்டும். எனவே, வரைபடத்தைப்போலவே கடலின் ஏற்ற வற்ற அட்டவணையும் கையில் இருக்க வேண்டும்.

ஆனால், தினமும் இரவில் தொல்லை கொடுக்கும் ஆசாமி வேறு. வெள்ளை வால் எலி! பூனை அளவுக்கு வளரும். தேங்காயையே பல்லால் கடித்துத் திறக்கும் இதற்குக் கூடாரத் துணியெல்லாம் எம்மாத்திரம்? அதனால்தான் முகாம்களில் உணவைப் பூட்டிவைக்க உலோகப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். 'ஒரே ஒரு பாக்கெட் வேர்க்கடலைதானே' என்று கூடாரத்துக்குள் வைத்தவர்கள், காலையில் ஓட்டை விழுந்த பையுடன் எழுந்ததுண்டு.

புறாக்களை எண்ணிய தம்பதி

சரி, யார் இந்த தார்ஸ்போர்ன்?

ஆர்தர், மார்கரெட் தார்ஸ்போர்ன் தம்பதி. ஹிஞ்சின்புரூக்குக்கு வடக்கே புரூக் தீவுகள் என்று சில சிறு தீவுகள் உண்டு. வெள்ளை உடலும் கறுப்புச் சிறகு நுனியும் கொண்ட ஒருவகைப் பெரிய புறாக்கள், ஆண்டுதோறும் பப்புவா நியூகினியிலிருந்து கடல் தாண்டி அங்கே கூடு கட்ட வரும். ஒரு கூட்டில் ஒரே ஒரு முட்டை. தாய் தந்தை இருவரில் ஒன்று கூட்டைக் காக்க, மற்றொன்று பெருநிலத்துக் காடுகளுக்குப் பறந்து, பழம் தின்று, மாலையில் திரும்பும்.

அப்படித் திரும்பும் பறவைகளை விளையாட்டுக்காகச் சுட்டுத் தள்ளியது ஒரு கூட்டம். ஒரு புறா விழுந்தால், கூட்டில் இருக்கும் குஞ்சின் கதி?

1960-களில் இதைப் பார்த்த தம்பதி ஒரு வேலையைத் தொடங்கினார்கள். மாலை நேரத்தில் கரையில் அமர்ந்து, தீவுக்குத் திரும்பும் புறாக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஆண்டுக்கு ஆண்டு எழுதிவைத்தார்கள். 'புறா குறைகிறது' என்று வாயால் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். கணக்கு நோட்டைக் காட்டினால்? அதிகாரிகள் கேட்டார்கள். பாதுகாப்பு வந்தது, சுடுவது குறைந்தது, புறாக்களின் எண்ணிக்கை மெல்ல உயர்ந்தது.

1991-ல் ஆர்தர் மறைந்தார். ஹிஞ்சின்புரூக்கையும் உயிராக நேசித்த அவர் நினைவாகவே நடைபாதைக்கு அந்தப் பெயர். மார்கரெட் அதன் பிறகும் ஓயவில்லை. 1990-களில், தீவுக்கு எதிர்க்கரையில் பெரிய படகுத்துறையும் விடுதிகளும் கட்டும் திட்டம் வந்தபோது, அதை எதிர்த்து நின்றவர்களில் அவரும் ஒருவர். 2018-ல் காலமானார். புறாக் கணக்கெடுப்பைத் தன்னார்வலர்கள் இன்றும் தொடர்கிறார்கள்.

போக விரும்பினால்...

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். மழைக்காலத்தில் ஓடைகள் சட்டென்று பெருகும். அதோடு, கோடை மாதங்களில் கடலில் கொடிய ஜெல்லி மீன்களும் உண்டு. இடம் 40 பேருக்குத்தான் என்பதால், பல மாதங்கள் முன்பே பதிவு செய்ய வேண்டும். பதிவு கிடைக்காமல் புலம்புபவர்கள் எப்போதும் உண்டு. 'இன்னும் பத்து பேரைச் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?' என்ற கேள்வியும் வரும்.

ஆனால், அந்த 40 பேருக்குக் கிடைப்பதைப் பாருங்கள். காலை எழுந்தால் நீண்ட கடற்கரையில் அவர்கள் காலடியைத் தவிர வேறு தடம் இருக்காது. அடுத்த வாரம் வரப்போகிற 40 பேருக்கும் அதே கடற்கரை, அதே தெளிந்த நீர், அதே மீன்கள் அப்படியே காத்திருக்கும். நம் ஊர் அருவிகளையும் மலைகளையும் நேசிப்பவர்கள், அடுத்த விடுமுறைக்குக் கிளம்பும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்!