சொல்லாமல் சொல்வோம், கண்டுபிடிப்போம்!

"மகரந்தச் சேர்க்கை என்றால் என்ன?" என்று ஏழாம் வகுப்பில் கேட்டால், பாதிப் பேர் பாடநூல் வரியை அப்படியே ஒப்பிப்பார்கள். "உன் சொந்தப் பேச்சில் சொல்" என்றால் அமைதியாகிவிடுவார்கள். வரி மனப்பாடமாகியிருக்கிறது, பொருள் பிடிபட்டதா என்பது தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் என் அறிவியல் வகுப்பில் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டைத் தொடங்கினேன்.

தேவையானவை எளியவை: பழைய அழைப்பிதழ் அட்டைகள், ஸ்கெட்ச் பேனா, ஒரு மணி. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு கலைச்சொல்லைப் பெரிதாக எழுத வேண்டும். அதன்கீழ், குறிப்பில் சொல்லக்கூடாத மூன்று சொற்களை எழுத வேண்டும். 'மகரந்தச் சேர்க்கை' அட்டையில் பூ, தேனீ, மகரந்தம் ஆகியவை தடைச்சொற்கள். ஒருவர் அட்டையைப் பார்த்துக் குறிப்பு தருவார். அவருடைய அணியினர் ஒரு நிமிடத்துக்குள் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் செய்த பிழை

முதல்முறை வகுப்பை இரண்டே அணிகளாகப் பிரித்தேன். ஒரே இரைச்சல். வழக்கமாகக் கை தூக்கும் நான்கைந்து பேரே எல்லாவற்றையும் சொன்னார்கள். அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் நடந்தது. அமிர்திக்கு மேலே ஜவ்வாது மலைக் கிராமத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர், தன் வீட்டுப் பேச்சில் குறிப்பு கொடுத்தார். சிலர் சிரித்தார்கள். நானோ சிரித்தவர்களைக் கண்டிக்காமல், "நல்ல தமிழில் சொல்லு தம்பி" என்றேன். அட்டையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தவர், அடுத்த இரண்டு வாரம் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

மாற்றிய விதிகள்

1. அணிக்கு ஐந்து பேர். 30 பேர் உள்ள வகுப்பில் ஆறு அணிகள் அமையும்.

2. குறிப்பு தருபவர் ஒவ்வொரு சுற்றிலும் மாற வேண்டும். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் போதும். ஐந்து நாள் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கினால் 30 பேரும் ஒருமுறை குறிப்பு தந்துவிடுவார்கள்.

3. ஓர் அணி ஆடும்போது அடுத்த அணி தடைச்சொற்களைக் கவனித்து மணி அடிக்கும். சும்மா இருப்பவர் குறைவதால் இரைச்சலும் குறையும்.

4. குறிப்பை எந்தப் பேச்சுவழக்கிலும் தரலாம். விடை மட்டும் கலைச்சொல்லாக இருக்க வேண்டும்.

நான்காம் விதிதான் முக்கியம். அது வந்த வாரம் அதே மாணவரின் முறை வந்தது. கையில் மகரந்தச் சேர்க்கை அட்டை. சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "கால்ல மஞ்சப் பொடிய ஒட்டிக்கிட்டு வந்து, அடுத்ததுல உக்காரும். அது வரலன்னா பூசணிப் பிஞ்சு வெம்பி உதுந்துபோயிடும்."

உடனே மணி ஒலித்தது. "டீச்சர், பூசணியில் 'பூ' இருக்கு!"

வகுப்பே சிரித்தது, இம்முறை அவரும் சேர்ந்து சிரித்தார். பூசணி வேறு சொல் என்று தீர்ப்புச் சொல்லி ஆட்டத்தைத் தொடரவிட்டேன். அணியினர் விடையைச் சொல்லிவிட்டார்கள். மகரந்தம் சேராத பெண்பூவின் பிஞ்சு வளராமல் உதிரும் என்பதை நான் அந்தப் பாடத்தில் சொல்லவே இல்லை. தோட்டத்தில் கண்டதைப் பாடத்தோடு இணைத்தவர் அவர்தான்.

இந்த விளையாட்டில் கண்டுபிடிப்பவரைவிடக் குறிப்பு தருபவரே அதிகம் கற்கிறார். பாடநூல் சொற்கள் தடுக்கப்படும்போது, தனக்குத் தெரிந்ததிலிருந்து பொருளை எடுத்தாக வேண்டும். யாருக்கு எங்கே குழப்பம் என்பதும் நமக்குத் தெரிந்துவிடும். ஆட்டம் முடிந்ததும், நல்ல குறிப்பு ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, அதைப் பாடநூல் விளக்கத்தோடு ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் விளையாட்டு மட்டுமே மிஞ்சும்.

தொடக்க வகுப்புகளில் 'எண்ணும் எழுத்தும்' நிலைகளுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அரும்பு நிலைக்குத் தடைச்சொல் இல்லாத பட அட்டை, மொட்டு நிலைக்கு ஒரு தடைச்சொல், மலர் நிலைக்கு இரண்டு போதும்.

தேர்வில் எல்லோரும் முழு மதிப்பெண் எடுத்துவிடவில்லை. ஆனால் அந்த மாணவர் இப்போது பாடத்தின் நடுவே, "டீச்சர், எங்க ஊர்ல இத வேற மாதிரி சொல்லுவாங்க" என்று எழுந்து நிற்கிறார். நானும் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.