இரு மொழிகளில் இசைக் கொடி நாட்டியவர்

சிறந்த இசையமைப்பாளருக்கெனத் தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பட்டது 1967-ஆம் ஆண்டுப் படங்களுக்கு. அதைத் தட்டிச் சென்றவர், நாகர்கோவிலில் பிறந்த கே.வி.மகாதேவன். படம், 'கந்தன் கருணை'.

ரசிகர்கள் 'திரை இசைத் திலகம்' என்று கொண்டாடிய அவருக்கு, 1979-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்ததோ ஒரு தெலுங்குப் படம்: 'சங்கராபரணம்'. அதில் பாடிய எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கும் வாணி ஜெயராமுக்கும் அதே ஆண்டு விருது கிடைத்தது.

முதலில் மெட்டு, பிறகு பாட்டு என்பது திரையுலகில் பரவலான வழக்கம். மகாதேவனோ, கவிஞர் எழுதித் தந்த வரிகளுக்கே பெரும்பாலும் மெட்டமைத்தார். சொல்லுக்கு அவர் தந்த அந்த மரியாதை தெலுங்கிலும் வீண்போகவில்லை.

2001-இல் அவர் மறைந்தார். அயல் மொழியை மதித்து உழைப்பவருக்கு அங்கும் முதலிடம் உண்டு என்பதற்கு அந்த இரண்டாவது விருதே சாட்சி.