நடித்த துயரம் நிஜமானபோது... 'ஆல் அபௌட் மை மதர்' காட்டும் தாய்மை!

மேட்ரிட் நகர மருத்துவமனையில் டாக்டர்களுக்கு ஒரு பயிற்சி. மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தாரிடம் உறுப்பு தானம் பற்றி எப்படிப் பேசுவது என்பதுதான் பாடம். அதில், உறவைப் பறிகொடுத்த பெண்ணாக நடிப்பவர் நர்ஸ் மனுவேலா.

மகன் எஸ்தபானின் 17-வது பிறந்தநாளில் இருவரும் நாடகம் பார்க்கப் போகிறார்கள். கொட்டும் மழையில், ஆட்டோகிராஃப் வாங்க நடிகையின் காருக்குப் பின்னால் ஓடும் மகன் மீது இன்னொரு கார் மோதுகிறது. சக டாக்டர்கள் இப்போது மனுவேலாவிடமே அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நிலை. இந்த முறை நடிப்பு இல்லை. மகனின் இதயத்தைத் தானம் செய்யக் கையெழுத்துப் போடுகிறார்.

அந்த இதயம் யாருக்குப் போனது என்று தானம் தந்தவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது விதி. அதை மீறி லா கொருன்யா நகருக்குப் போகும் மனுவேலா, இதயம் பெற்றவரைத் தூரத்தில் நின்று பார்க்கிறார். அழுது தீர்க்கும் காட்சிகளைவிட நம்மை உலுக்குவது அந்த மௌனம்தான்.

ஸ்பெயின் இயக்குநர் பெத்ரோ அல்மோதோவாரின் இந்தப் படம் 1999-ல் வெளியானது. கேன்ஸில் சிறந்த இயக்குநர் விருதும், அடுத்த ஆண்டு சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரும் பெற்றது. மனுவேலாவாக வாழ்ந்திருப்பவர் செசிலியா ரோத்.

பிள்ளை போனால் தாய்மையும் போய்விடுமா?

அப்பா யார் என்று தெரிந்துகொள்ள ஏங்கியவன் எஸ்தபான். அவன் இறந்த செய்தியைச் சொல்ல, அந்த அப்பாவைத் தேடி பார்சிலோனா போகிறார் மனுவேலா. அந்த அப்பா இப்போது லோலா என்ற பெயரில் பெண்ணாக வாழ்பவர். தேடும் வழியில், தாக்குதலுக்கு ஆளாகும் பழைய தோழியான திருநங்கை அக்ராதோவை மீட்கிறார். ஹெச்.ஐ.வி தொற்றுடன் கர்ப்பமாக இருக்கும் கன்னியாஸ்திரி ரோசாவை, பெனலோப் க்ரூஸ், தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். ரோசா இறந்ததும் அவர் பெற்ற குழந்தையை வளர்ப்பவரும் மனுவேலாதான். அவன் பெயரும் எஸ்தபான்.

ஆனால், இறந்த மகனின் இடத்தை அந்தக் குழந்தை நிரப்பிவிட்டதாகப் படம் சொல்லவில்லை. துக்கம் அப்படியே இருக்கிறது. அதோடு இன்னொருவருக்குச் சோறு போடவும் மருந்து கொடுக்கவும் மனுவேலாவால் முடிகிறது.

அக்ராதோ மேடையேறும் காட்சியைத் தவறவிடாதீர்கள். எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு செலவானது என்று கணக்குச் சொல்லிச் சிரிக்க வைப்பவர், தான் கனவு கண்ட பெண்ணாக மாறியதுதான் தன் நிஜம் என்று நிமிர்ந்து நிற்கிறார்.

தாயாக விரும்பும் எல்லோருக்கும், தன் தாய்க்கும் இந்தப் படத்தைச் சமர்ப்பித்திருக்கிறார் அல்மோதோவார். படம் வெளியான அதே ஆண்டில் அவர் அம்மா காலமானார்.

பெரியவர்களுக்கான படம் இது. குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள். முடிந்தால், உங்கள் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்!