ஒரே முகூர்த்தம்... நூறு சர்வர்!

ஆவணி மாச முகூர்த்த நாள்ல கடலூர் பக்கத்துல இருக்கிற திருவந்திபுரத்துக்கு பஸ்ல போயிருக்கீங்களா? பாதி வழியிலேயே இறங்கி நடந்திருப்பீங்க! தேவநாத சுவாமி கோயில், எதிர்ல ஔஷதகிரி மலை, சுத்தி இருக்கிற மண்டபங்கள்னு எங்கே பார்த்தாலும் மாலையும் கழுத்துமா ஜோடிகள். ஒரே நாள்ல நூறு கல்யாணத்துக்கு மேல நடந்ததெல்லாம் உண்டு. வீட்டுக்கு வீடு வழக்கம் வேற, சடங்கு வேற. ஆனா கடைசியில ரிசல்ட் ஒண்ணுதான்... தாலி ஏறியிருக்கணும்.

இதே தள்ளுமுள்ளுதான் சர்வர் ரூமிலும். ஒரு கம்பெனியில நூறு சர்வர் இருக்குன்னு வெச்சுக்குவோம். சிலது உபுண்டு, சிலது ரெட்ஹேட், மிச்சம் விண்டோஸ். எல்லாத்திலும் வெப் சர்வர் போடணும். உபுண்டுல அதுக்குப் பேரு 'அப்பாச்சி2'. அதே சாமான் ரெட்ஹேட்ல 'எச்.டி.டி.பி.டி'. விண்டோஸுக்குப் போனா 'ஐ.ஐ.எஸ்'னு ஆளே வேற! ஒண்ணுக்கு பத்து நிமிஷம்னாலும் கையால செஞ்சு முடிக்க கிட்டத்தட்ட 17 மணி நேரம். எழுபதாவது சர்வர்ல கண்ணு சொருகும், ஒரு வரி விட்டுப்போகும். ஹேக்கர் நுழையறதுக்கு அந்த ஒரு வரி போதும்.

இந்தத் தலைவலிக்கு முதல்ல மருந்து தேடினவர்கள்ல ஒருத்தர் மார்க் பர்ஜெஸ். ஆஸ்லோ யுனிவர்சிட்டியில இயற்பியல் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தவர். விதவிதமான யூனிக்ஸ் மெஷின்களை மேய்ச்சு நொந்துபோய், 1993-ல் 'சி.எஃப் இன்ஜின்' எழுதினார். 2005-ல் 'பப்பெட்', 2009-ல் 'செஃப்', 2012-ல் மைக்கேல் டிஹான் எழுதிய 'ஆன்சிபிள்'னு வரிசையா வந்தது. ஆன்சிபிளை 2015-ல் ரெட்ஹேட் வாங்கிடுச்சு.

ஆன்சிபிள் ஹிட்டானதுக்குக் காரணம், அந்த நூறு சர்வர்லயும் தனியா எந்த ஏஜென்ட்டும் போட வேண்டியதில்லை. லினக்ஸா இருந்தா எஸ்.எஸ்.எச், விண்டோஸா இருந்தா பெரும்பாலும் வின்.ஆர்.எம் வழியா உள்ளே போகும். 'நீ எந்த ஓ.எஸ்.?'னு முதல்ல விசாரிக்கும். 'இந்த ஓ.எஸ்.னா இப்படிச் செய்'னு நாம 'பிளேபுக்'ல எழுதிவெச்ச வரியை மட்டும் எடுத்துக்கும்.

மேட்டரே இனிமேதான் பாஸ். சாதாரண ஸ்கிரிப்ட் 'தாலி கட்டு'ன்னு சொல்லும். ரெண்டு தடவை ஓட்டினா, கல்யாணமான பொண்ணுக்கே மறுபடியும் கட்டும்! பிளேபுக், 'தாலி ஏறியிருக்கணும்'னு சொல்லும். ஏறலைன்னா கட்டும், ஏறியிருந்தா 'ஓகே'ன்னு நகர்ந்துடும். செய்ய வேண்டிய வேலையைச் சொல்லாம, முடிஞ்சா எப்படி இருக்கணும்னு சொல்றோம். எத்தனை தடவை ஓட்டினாலும் ரிசல்ட் மாறாத குணத்துக்கு 'ஐடெம்பொட்டன்ஸ்'னு பேரு. இன்டர்வியூவில கேப்பாங்க.

ஆனா, ஒரே தட்டுல நூறு சர்வரைச் சரி பண்ணலாம்னா, ஒரே தட்டுல நூறையும் கவுக்கலாம்தானே? 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனி அனுப்பின ஒரு தப்பான அப்டேட்டுல சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீல ஸ்க்ரீன் காட்டிப் படுத்துடுச்சு. நம்ம ஊர் ஏர்போர்ட்கள்லயே போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. அனுப்பினது ஆட்டோமேட்டிக், மீட்டதோ பல இடத்துல ஒவ்வொரு மெஷினா உக்காந்து, கையால! அது ஆன்சிபிள் வேலை இல்லைதான். ஆனா ஆபத்து அதே ஜாதி. அதனாலதான் ஆன்சிபிள்ல எதையும் மாத்தாம ஒத்திகை பார்க்க 'செக்' மோடும், கொஞ்சம் கொஞ்சமா அனுப்ப 'சீரியல்'ங்கற வசதியும் இருக்கு. முதல்ல ஒரு மெஷின், அது பிழைச்சா அஞ்சு, அப்புறம்தான் மிச்சம். சோம்பேறித்தனத்துல இதை விட்டவங்க ராத்திரித் தூக்கத்தை விட்டாங்க.

கத்துக்க காசு வேணாம். லேப்டாப்ல வெர்ச்சுவல் பாக்ஸ் போட்டு, உபுண்டு ஒண்ணு, ராக்கி லினக்ஸ் ஒண்ணுன்னு ரெண்டு மெஷின் உண்டாக்குங்க. ஆன்சிபிளை விண்டோஸ்லேர்ந்து நேரடியா ஓட்ட முடியாது. உங்களுது விண்டோஸ்னா டபிள்யூ.எஸ்.எல் இருக்கு. ரெண்டுலயும் வெப் சர்வர் வர்ற மாதிரி ஒரே பிளேபுக் எழுதுங்க. ஔஷதகிரி ஹயக்ரீவர்கிட்ட பேனா வெச்சுக் கும்பிட்டுட்டுத் தொடங்கறது உங்க இஷ்டம். ரெண்டாவது தடவை ஓட்டும்போது 'சேஞ்ச்டு = 0'ன்னு வந்துச்சுன்னா சொல்லியனுப்புங்க, மொய் வெச்சுடலாம்!